பழைய ரிவால்வருக்கு எந்தப் பூச்சு?

தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்பி வந்த ரிவால்வரில் செம்புள்ளி விழுந்திருக்கிறது என்று களக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தாத்தா காலத்து ஆயுதம். உரிமம் இப்போது இவர் பெயரில். ‘நிக்கல் முலாம் பூசிவிட்டால் பளபளவென்று இருக்கும், ஆயுசுக்கும் துரு அண்டாது’ என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மையா என்று கேட்கிறார்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கே தனி உரிமம் வேண்டும். பைக் சைலன்சருக்கு குரோம் போடும் பட்டறையில் கொடுத்து வாங்குகிற வேலை இல்லை இது. உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரரிடம்தான் போக வேண்டும். அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது பொறித்த எண் மழுங்கக் கூடாது. எண் அழிந்திருந்தால், வைத்திருப்பவர்தான் அழித்தார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு.

சரி, துருவுக்கு வருவோம். இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. உப்புக் காற்றும் சேர்ந்தால் இன்னும் வேகம். இது பள்ளிக்கூடத்துப் பாடம். துருவின் கெட்ட குணம், தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு பொருக்காக உதிர்வது. உதிர்ந்த இடத்தில் புது இரும்பு வெளியே தெரியும், அதையும் தின்னும். அலுமினியத்தின் ஆக்சைடு இப்படி உதிர்வதில்லை, ஒட்டிக்கொண்டு காவல் காக்கும்.

நிக்கல் எளிதில் அரிக்காதுதான். ஆனால் முலாமில் ஒரு கீறலோ ஊசித்துளையோ விழுந்துவிட்டால் கதை மாறுகிறது. ஈரத்தின் வழியாக நிக்கலும் இரும்பும் ஒரு குட்டி பேட்டரியாகிவிடும். அதில் கரைவது எப்போதும் இரும்புதான். சுற்றிலும் பெரிய நிக்கல் பரப்பு, நடுவில் புள்ளியளவு இரும்பு. அரிப்பு முழுவதும் அந்தப் புள்ளியில் குவிந்து பள்ளம் தோண்டும். வெளியே பளபளப்பு, உள்ளே குழி. துத்தநாகம் பூசிய கூரைத் தகட்டில் நடப்பது நேர்மாறு. அங்கே கரைவது துத்தநாகம், பிழைப்பது இரும்பு. மின்சாரமே இல்லாமல், மூலைமுடுக்கெல்லாம் ஒரே தடிமனில் நிக்கல் படியவைக்கும் முறையை 1946-இல் அமெரிக்காவில் பிரென்னரும் ரிடெல்லும் அறிவித்தார்கள். சாதாரண முலாமைவிட அது பல மடங்கு மேல். ஆனாலும் கீறல் விழுந்தால் அதே கதைதான்.

கருநீலப் பூச்சு அழகு. காரக் கரைசலில் கொதிக்கவைத்து, மேற்பரப்பைக் கருப்பு ஆக்சைடாக, அதாவது காந்தக்கல்லின் அதே மேக்னடைட்டாக, மாற்றுகிறார்கள். தடிமன் ஏறக்குறைய ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உண்மையில் காப்பது அதன் மேலிருக்கும் எண்ணெய்தான். உருகிய உப்புக் குளியலில் நைட்ரஜன் ஏற்றும் நவீன முறை ரொம்பக் கெட்டியானது, ஆனால் வெப்பம் 570 டிகிரி செல்சியஸை ஒட்டி வரும். பழைய எஃகின் பதம் கெட்டுவிடலாம். வேண்டாம்.

எனக்குப் பிடித்தது பாஸ்பேட் பூச்சு. சாம்பல் நிறம், பளபளப்பு கிடையாது, கல்யாண வீட்டில் காட்டிப் பெருமைப்பட முடியாது. ஆனால் அது உருவாகும் விதம் இருக்கிறதே!

பாஸ்பாரிக் அமிலத்தில் துத்தநாக உப்போ மாங்கனீசு உப்போ கரைந்திருக்கும். கரைசலில் அமிலம் இருக்கும்வரைதான் அந்த உப்பும் கரைந்து நிற்கும். கொதிநிலைக்குச் சற்றுக் குறைவான சூட்டில் இரும்பை அதில் இறக்குகிறோம். அமிலம் இரும்பைக் கடிக்கிறது, ஹைட்ரஜன் குமிழி கிளம்புகிறது. கடிக்கக் கடிக்க அமிலம் செலவாகிறது, ஆனால் தொட்டி முழுக்க அல்ல, இரும்பை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்தில் மட்டும். அங்கே அமிலம் குறைந்ததும் உப்பால் கரைந்திருக்க முடியவில்லை. இரும்பின் மேலேயே படிகமாக இறங்கிவிடுகிறது. அதாவது எங்கே அரிப்பு நடக்கிறதோ அங்கேதான் காப்பும் முளைக்கிறது! படிகம் மூடிய இடத்தில் அமிலத்துக்குக் கடிக்க இரும்பு இல்லை, வினை நிற்கிறது. மூடாத இடத்தில் தொடர்கிறது. பந்தியில் காலி இலை இருக்கும்வரை ஆளை உள்ளே விட்டுக்கொண்டே இருப்பார்களே, அந்த மாதிரி. எல்லா இடமும் நிரம்பியதும் குமிழியும் அடங்கிவிடும்; வேலைக்காரருக்கு அதுவே அடையாளம்.

அப்புறம், படிகங்களுக்கு நடுவே இருக்கும் நுண்ணிய இடுக்குகள் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. வழவழப்பான முலாமில் எண்ணெய் வழிந்துவிடும், இதில் தங்கும். தாமஸ் காஸ்லெட் என்ற ஆங்கிலேயர் 1906-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைத் துப்பாக்கிகள் ஏராளமானவை இந்தச் சாம்பல் பூச்சோடுதான் போயின. கார் பாடியில் பெயின்ட்டுக்கு அடியில் இருப்பதும் இதன் தம்பிதான்.

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் உருவான மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் நம் காரைக்குடியில் இருக்கிறது. அரிப்பு ஆராய்ச்சி அங்கே முக்கியமான துறை. அரிப்பால் உலகம் இழப்பது மொத்த உற்பத்தியில் 3.4 சதவீதம் என்று 2016-இல் ஒரு சர்வதேச ஆய்வு கணக்குப் போட்டது. ராக்கெட்டுக்குக் கைதட்டுகிறோம், துருவை ஆராய்கிறவருக்கு நிதி கேட்டால் முகத்தைச் சுளிக்கிறோம். எனக்கு இதில் கோபம் உண்டு.

இன்னொன்று, ஆயுத பூஜை. துப்பாக்கிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பக்கத்தில் வைத்து, அப்படியே பீரோவில் பூட்டுகிறார்கள். ஈரச் சந்தனம், எலுமிச்சை அமிலம், அடுத்து வரும் ஐப்பசி மழை. துருவுக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது. கும்பிடுங்கள், மறுநாளே துடைத்துவிடுங்கள்.

ஆக, களக்காட்டு அண்ணாச்சிக்கு: பழைய கருநீலம் பெரும்பகுதி மிச்சம் இருந்தால் எந்தப் பூச்சும் வேண்டாம்; செம்புள்ளியை மட்டும் எண்ணெய் விட்டு மெதுவாக எடுக்கச் சொல்லுங்கள். மூலப் பூச்சு போனால் பழைய துப்பாக்கியின் மதிப்பும் போகும். வெறும் இரும்பு தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தால் மாங்கனீசு பாஸ்பேட் போடுங்கள். ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். அமிலத்தில் பிறக்கும் ஹைட்ரஜன் கெட்டியான எஃகுக்குள் புகுந்தால் ஸ்பிரிங் முறியும். பூச்சு முடிந்ததும் துப்பாக்கிக்கான மினரல் எண்ணெய் தாராளமாக. தேங்காய் எண்ணெய் கூடாது, குளிரில் உறைந்துவிடும், நாள்பட்டால் கெட்டுப்போகும். தோல் உறையில் போட்டுப் பூட்டி வைக்கவும் கூடாது. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் தொட்ட பருத்தித் துணியே போதும்.