செம்பனைக் காட்டு வெயிலும் மூளையின் தண்ணீர்க் கணக்கும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் சித்தப்பா செம்பனைக் குலை வெட்டுகிறார். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆளெண்ணி வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போகும்போது சித்தி கொடுத்தனுப்பும் பெரிய போத்தல் தண்ணீர் மத்தியானம் பாதிக்குமேல் அப்படியே திரும்பி வரும். கேட்டால், "தாகமே எடுக்கலடா" என்பார். சிறுநீர் மட்டும் கடும் மஞ்சளாய், கொஞ்சமாய்ப் போகுமாம்.

அந்த மஞ்சளில்தான் விஷயம் இருக்கிறது. வியர்வையில் உப்பைவிடத் தண்ணீரே அதிகம் போகிறது, இரத்தம் கெட்டிப்படுகிறது. ஒன்றிரண்டு விழுக்காடு மாறினாலே மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் கண்டுபிடித்துவிடும். உடனே பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியிலிருந்து வாசோபிரெசின் என்ற ஹார்மோன் இரத்தத்தில் இறங்குகிறது. சிறுநீரகம் ஒரு நாளில் வடிகட்டுவது சுமார் 180 லிட்டர். வெளியே போவதோ ஒன்றரை லிட்டர் அளவுதான். மீதியெல்லாம் உடம்புக்கே திரும்புகிறது. அதன் கடைசிப் பங்கை எவ்வளவு மீட்பது என்பது வாசோபிரெசின் கையில். அது சொன்னால், சிறுநீரகக் குழாய்ச் சுவரில் அக்குவாபோரின் எனும் நுண்ணிய தண்ணீர் மடைகள் கூடுகின்றன. அவற்றின் வழியே தண்ணீர் உடம்புக்குத் திரும்புவதால்தான் சிறுநீர் கொஞ்சமாய், மஞ்சளாய்ப் போகிறது. இந்த மடைகளைக் கண்டறிந்த பீட்டர் ஏக்ருக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. தாகம் பெரும்பாலும் இதற்கெல்லாம் பிந்தித்தான் எட்டிப்பார்க்கும். வயதானால் இன்னும் மந்தமாகிவிடும். சித்தப்பாவுக்கு அறுபது நெருங்குகிறது.

உப்புக்குத் தனிக் காவல் உண்டு. இரத்த அளவு குறைந்தால் அட்ரினல் சுரப்பி தரும் அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் உப்பைப் பிடித்து வைக்கும். உப்போடு தண்ணீரும் தங்கும்.

களைப்புத் தீர சாயங்காலம் கள்ளு குடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். மதுச்சத்து வாசோபிரெசினை அடக்கிவிடுவதால், மடைகள் குறைந்து, இருக்கிற தண்ணீரும் சிறுநீராய்ப் போய்விடுகிறது.

வீடு வந்து மூன்று லிட்டரை ஒரே மூச்சில் குடிப்பதும் சரியல்ல. உப்பில்லாமல் வெறும் தண்ணீரே அளவுமீறிச் சேர்ந்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்து, தலைவலி, வாந்தி, குழப்பம் வரை போகும். அரைமணிக்கொரு தடவை சில வாய் குடிப்பது நல்லது. பசியாற உப்புப் போட்ட கஞ்சியோ மோர்விட்ட பழைய சோறோ போதும். கருவாடும் ஊறுகாயும் தினம் வேண்டாம்: உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு நாளுக்கு 5 கிராம் உப்புக்குள். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தண்ணீரையும் உப்பையும் டாக்டர் சொல்லும் அளவில்தான் எடுக்க வேண்டும்.

சித்தி இப்போது பெரிய போத்தலை விட்டுவிட்டு இரண்டு சின்னப் போத்தல் கட்டித் தருகிறார். ஒன்று பத்து மணிக்குள் காலியாக வேண்டும் என்பது அவர் உத்தரவு.