கல்லூரி வாசலில் பையைத் திறக்கச் சொன்னால்: கையெழுத்துப் போடும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

2019 ஜூலையில் சென்னை அரும்பாக்கத்தில் கல்லூரி மாணவர்கள் பஸ்ஸை மறித்துப் பட்டாக்கத்தியுடன் துரத்தியதைத் தொலைக்காட்சியில் பார்க்காதவர்கள் குறைவு. அப்படிப்பட்ட ஊரில் கல்லூரி வாசலில் பையைச் சோதிக்கக் கூடாது என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் சட்ட உதவி கேட்டு வருகிறவர்களில் பட்டாக்கத்தி தூக்கியவனைவிட வேறு வகைப் பையன்களையே அதிகம் பார்க்கிறேன். பையில் ஏதோ ஒன்று இருந்திருக்கும், அல்லது பக்கத்தில் நின்றவன் பையில் இருந்திருக்கும். அன்று சாயங்காலமே மூன்று நான்கு தாள்களில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் பையனுக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது.

சட்டப்படி எது ஆயுதம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், வீட்டு உபயோகத்துக்கோ விவசாயத்துக்கோ மட்டுமே செய்யப்பட்ட பொருளை ஆயுதக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆயுத விதிகளில் கத்திக்கு ஓர் அளவும் இருக்கிறது: அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளம், அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம். அதிலும் வீடு, விவசாயம், அறிவியல், தொழிற்சாலைப் பயன்பாடு ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவை விலக்கு. துப்பாக்கியைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. 21 வயது நிரம்பாதவருக்குப் பொதுவாக உரிமமே கிடையாது.

ஒன்பது அங்குலத்துக்குள் இருந்தால் தப்பித்தோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். காய் நறுக்கும் கத்தியைக் காட்டி மிரட்டினாலும் அது குற்றம்தான். அப்போது வழக்கு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் வரும். பட்டாக்கத்தியால் பிறந்தநாள் கேக் வெட்டி, அதைப் படம் பிடித்துப் போட்டவர்கள் கைதாகியிருக்கிறார்கள். படத்தில் பின்னால் நின்று கைதட்டியவர்களையும் சேர்த்தே காவல் நிலையத்துக்கு அழைப்பார்கள். அந்தப் படத்தை இன்னும் கைப்பேசியில் வைத்திருப்பவர்களிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சிக்கல் அதிகம் வருவது தொழில் படிக்கும் பிள்ளைகளுக்கு. கேட்டரிங் படிக்கும் ஒரு மாணவன், செய்முறை வகுப்புக்குத் தேவையான கத்திகளைத் துணியில் சுருட்டிக் கொண்டுபோனான். துணிக்குள் மொத்தம் ஐந்து உருப்படிகள்: பெரிய கத்தி, சின்னக் கத்தி, தோல் சீவி, கரண்டி, சாணைக் கம்பி. வாசலில் இருந்த காவலாளி பதிவேட்டில் எழுதியதோ ஒரே வரி: 'பட்டாக்கத்தி 1'. மீதி நான்கும் பதிவேட்டில் ஏறவே இல்லை. ஏறியிருந்தால் அது சமையல் கத்தி என்பது படிக்கிற எவருக்கும் புரிந்திருக்கும். வேளாண்மை, விலங்கியல், கட்டடக்கலை மாணவர்களுக்கும் இதே கதி வரலாம். செய்முறை வகுப்புக்கு இன்னின்ன கருவிகள் தேவை என்று துறைத்தலைவரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிய ஒரு கடிதத்தைக் கருவிகளோடு வைத்திருங்கள். 'அதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், கடிதம் எதற்கு' என்று துறையில் சொல்வார்கள். வாசலில் இருப்பவருக்குத் தெரியாது. விடாமல் கேட்டு வாங்குங்கள்.

வாசலில் நிற்பவர் போலீஸ் இல்லை. தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் பற்றிய 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருக்குப் புகைப்பட அடையாள அட்டை இருக்க வேண்டும். கல்லூரி விதிப்படி பையைப் பார்க்கக் கேட்கலாம். நீங்கள் மறுத்தால் உள்ளே விடாமல் இருக்கலாம். அடிக்கவோ, கைப்பேசியைத் திறந்து படங்களைப் பார்க்கவோ அவருக்கு அதிகாரம் கிடையாது. ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத, போலீஸ் நேரடியாகக் கைதுசெய்யக்கூடிய குற்றம் கண்ணெதிரே நடந்தால் தனிநபரும் ஆளைப் பிடித்து வைக்கலாம் என்பது உண்மை. ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, தாமதமின்றி, அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்கச் சொல்கிறது. காலை பிடித்து இரவு வரை செக்யூரிட்டி அறையில் உட்காரவைத்திருந்தால் எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், எத்தனை மணிக்கு விட்டார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் பேசப்போவது அந்தக் குறிப்புத்தான்.

அடுத்து முதல்வர் அறை. பெரும்பாலான வாழ்க்கைகள் கெடுவது காவல் நிலையத்தில் இல்லை, இங்கேதான்.

'நடந்ததை எழுதிக் கொடு, வீட்டுக்குப் போகலாம்' என்பார்கள். பையனும் பயத்தில், கத்தி தன்னுடையதுதான், இனிமேல் செய்ய மாட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று எழுதிவிடுவான். போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றம் ஏற்காது. முதல்வரிடம் எழுதிக் கொடுத்த கடிதத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. அது சாட்சியமாக வரலாம். அந்த மன்னிப்புக் கடிதமே மறுநாள் புகாருடன் இணைப்பாகக் காவல் நிலையத்துக்குப் போவதும் நடக்கிறது. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் நடந்ததை மட்டும் எழுதுங்கள். 'மன்னிப்பு', 'இனிமேல்' என்ற சொற்கள் வேண்டாம். வெற்றுத்தாளில் கையெழுத்து எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. போட்ட தாளைக் கைப்பேசியில் படம் எடுக்காமல் அறையைவிட்டு வெளியே வராதீர்கள்.

இரண்டாவது கண்ணி பெற்றோருக்கு. 'நாங்களாக நீக்கினால் சான்றிதழில் எழுத வேண்டிவரும், நீங்களாகக் கேட்டு டி.சி. வாங்கிக்கொண்டால் பையன் எதிர்காலம் கெடாது' என்று மிகவும் அன்பாகச் சொல்வார்கள். வயலிலிருந்தோ கடையிலிருந்தோ ஓடிவந்த அப்பா, 'சொந்த விருப்பத்தின் பேரில்' என்ற வரியின் கீழ் கையெழுத்துப் போட்டுவிடுவார். அதோடு விசாரணை இல்லை, உத்தரவு இல்லை, மேல்முறையீடும் இல்லை. கல்லூரி யாரையும் நீக்கவே இல்லையே! பையனை நீக்குவதானால் முறை இருக்கிறது: குற்றச்சாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும், விசாரித்துக் காரணத்தோடு உத்தரவு போட வேண்டும். அந்தச் சிரமம் தங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் அந்த அன்பு. 'யோசித்துச் சொல்கிறோம்' என்று சொல்லி எழுந்து வந்துவிடுங்கள்.

இடைநீக்கம் என்றால் உத்தரவை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாக 'கூப்பிடும்போது வா' என்று அனுப்பிவிட்டு, பருவத் தேர்வு நெருங்கும்போது வருகைப்பதிவு போதவில்லை என்று நுழைவுச்சீட்டை நிறுத்துவது பழைய வித்தை. இடைநீக்க நாட்களை வருகைக் குறைவாகக் கணக்கிடக் கூடாது என்று முதல் வாரத்திலேயே மனுக் கொடுங்கள். அலுவலகத்தில் பெற்றுக்கொள்ள மறுத்தால், மறுப்பார்கள், பதிவு வசதியுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள்.

அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கல்லூரிக்கு அதிகாரம் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். புகார் வந்த 15 வேலை நாட்களுக்குள் அது அறிக்கை தர வேண்டும். முடிவு பிடிக்கவில்லை என்றால் 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகம் நியமித்த குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். எங்கள் கல்லூரியில் அப்படி ஒரு குழு இல்லையே என்று பல மாணவர்கள் சொல்கிறார்கள். பெரும்பாலும் இருக்கிறது, இணையதளத்தின் ஒரு மூலையில். அந்தப் பக்கத்தை அச்செடுத்து, அதில் உள்ள தலைவர் பெயருக்கே மனு எழுதுங்கள்.

காவல் நிலையம் வரை போய்விட்டால் முதலில் பார்க்க வேண்டியது வயது. முதலாண்டு மாணவர்களிலும் பாலிடெக்னிக் மாணவர்களிலும் 18 நிரம்பாதவர்கள் ஏராளம். கல்லூரிக்குப் போகிறான் என்பதாலேயே பெரியவன் என்று எழுதிவிடுகிறார்கள். சம்பவத்தன்று 18 நிரம்பாவிட்டால் லாக்கப்பில் அடைக்கக் கூடாது; 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். வயதுக்கு முதல் சான்று பள்ளிச் சான்றிதழ்தான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலின் நகலோடு ஓடுங்கள். ஆதாரை நம்பிப் போகாதீர்கள்.

18 நிரம்பியவராக இருந்தாலும், கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தகவல் தர வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். 'இன்னும் கைது பண்ணவில்லை, சும்மா விசாரணைக்குத்தான்' என்று இரண்டு நாள் உட்காரவைப்பது இந்தக் கணக்கிலிருந்து நழுவும் வழி. தேடுதலையும் கைப்பற்றுவதையும் வீடியோவில் பதிவுசெய்ய வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. கைப்பற்றிய கத்தியின் நீளம் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பெண்ணாக இருந்தால், உடலைச் சோதிப்பவர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும்.

'அபராதம் கட்டினால் இன்றைக்கே முடிந்துவிடும்' என்று சிறு வழக்காக்கி நீதிமன்றத்துக்கு அழைத்துப்போனால், கட்டுகிற ரசீதோடு குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவும் பதிவாகிறது. நன்னடத்தைப் பிணை, அதாவது இத்தனை காலம் ஒழுங்காக இருப்பேன் என்ற உறுதிப் பத்திரம், எழுதச் சொன்னால் எத்தனை மாதத்துக்கு என்று படியுங்கள். அந்தக் காலத்துக்குள் இன்னொரு தகராறில் பெயர் வந்து பிணையை மீறியதாக முடிவானால் மீதி நாட்களுக்குச் சிறை. காவலர் தேர்வுக்குப் படிப்பவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். தமிழ்நாடு காவல்துறைப் பணி விதிகளில், சந்தேகத்தின் பலனாலோ புகார்தாரர் பிறழ்ந்ததாலோ (முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொன்னதாலோ) விடுதலையானவரும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கொள்ளப்படுகிறார். சமரசம் பேசிப் புகார்தாரரைப் பிறழவைத்துவிடலாம் என்று யோசனை சொல்லும் வக்கீல்கள் இதைச் சொல்வதில்லை. முதல் தகவல் அறிக்கையையே ரத்துசெய்யக் கோரி உயர் நீதிமன்றத்துக்குப் போவதா என்று ஆரம்பத்திலேயே கேளுங்கள். விண்ணப்பத்தில் வழக்கை மறைப்பது இன்னும் மோசம்; வழக்குக்காக இல்லாவிட்டாலும் மறைத்ததற்காக நீக்குவார்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று யாரும் தயங்க வேண்டாம். காவலில் இருப்பவர், பெண்கள், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. இலவச எண் 15100. எண்ணில் யாரும் எடுக்கவில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் எங்கே என்று கேட்டு நேரில் போங்கள். கல்லூரி கொடுத்த தாள், நீங்கள் எடுத்த படம், பத்தாம் வகுப்புப் பட்டியல், துறைத்தலைவர் கடிதம் எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்துப் போங்கள். அந்த வளாகத்து ஜெராக்ஸ் கடையில் எப்போதும் கூட்டம்.