ஆர்ச்சர்: கையில் வில் இல்லாத வில்லாளி

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, ஏழாம் வகுப்புப் படிக்கும் மருமகன் ஓர் ஓவியத்தை வரைந்து வைத்துக்கொண்டு, அதன் கீழே தமிழில் என்ன எழுதலாம் என்று கேட்டான். நீலத் தோலும், தலையில் மீனின் துடுப்பைப் போன்ற சிவப்புக் கொண்டையும் கொண்ட உருவம் அது. மார்வெல் வரைகதைகளில் வரும் யோண்டு என்று பார்த்ததும் தெரிந்தது. 'ஏலியன் ஆர்ச்சர்' என்பதைத் தமிழாக்க வேண்டும் என்றான். 'வேற்றுலக வில்லாளி' என்று எழுதச் சொன்னேன்.

"அவர் கையில வில்லே கிடையாதே மாமா" என்றான்.

நான் அறிந்த யோண்டு வரைகதையில் வருபவர், அவன் அறிந்தவரோ திரைப்படத்தில் வருபவர் என்பதால் இருவர் சொன்னதும் சரிதான். ஆர்னால்ட் டிரேக் எழுத, ஜீன் கோலன் வரைய, 1969 ஜனவரியில் 'மார்வெல் சூப்பர் ஹீரோஸ்' 18ஆம் இதழில் 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' என்னும் குழு அறிமுகமானபோதே யோண்டுவும் அதில் ஒருவராக இருந்தார். கதை நிகழ்வது 31ஆம் நூற்றாண்டில். அவருடைய ஊர் ஆல்ஃபா சென்டாரி விண்மீனைச் சுற்றும் நான்காம் கோள். அந்த யோண்டு வில்லில் நாணேற்றி அம்பு தொடுப்பவர். ஒலிக்கு இணங்கும் 'யாகா' என்னும் கற்பனை உலோகத்தால் ஆன அந்த அம்பை, எய்த பிறகும் சீழ்க்கை அடித்துத் திருப்பவும் மீட்கவும் அவரால் முடியும். (வேள்வியைக் குறிக்கும் யாகத்துக்கும் இந்த யாகாவுக்கும் தொடர்பில்லை.)

2014இல் ஜேம்ஸ் கன் இயக்கத்தில் வெளிவந்த திரைப்படத்தில் மைக்கேல் ரூக்கர் நடித்த யோண்டுவிடம் வில் இல்லை. அம்பு இடுப்பில் உறையில் கிடக்கிறது. படைவீரர்கள் சூழ்ந்து நிற்கும் காட்சி ஒன்றில், அவர் மேலங்கியைச் சற்று விலக்கி உதட்டைக் குவிக்கிறார். அம்பு உறையைவிட்டு எழுந்து, சிவந்த கோடாக ஒருவர் விடாமல் துளைத்துக்கொண்டு போய், விண்கலம் ஒன்றையும் வீழ்த்திவிட்டு அவர் கைக்கே திரும்புகிறது. 2017இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவருடைய கொண்டை வரைகதையில் உள்ளதுபோல உயர்ந்துவிட்டது, ஆனாலும் வில் மட்டும் வரவில்லை. இவரை எந்தக் கணக்கில் வில்லாளி என்பது?

ஆர்ச்சர் என்ற சொல்லே இங்கு முதலில் இடறுகிறது. வில்லைக் குறிக்கும் 'ஆர்குஸ்' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சில் 'ஆர்ச்சியே' என்ற வடிவம் பிறந்தது. இங்கிலாந்தை நார்மானியர் ஆண்ட காலத்துக்குப் பிறகு அது ஆங்கிலத்தில் ஆர்ச்சர் ஆயிற்று. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்கள் அதே எழுத்துகளை இன்று 'ஆர்ஷே' என்று ஒலிப்பார்கள். திருவிழாவுக்குத் தெருமுனையில் கட்டும் 'ஆர்ச்' என்ற அலங்கார வளைவும் அந்த வில்லின் வழிவந்ததே. வட்டத்தின் சுற்றில் ஒரு பகுதியை ஆங்கிலக் கணிதம் 'ஆர்க்' என்கிறது, நம் கணிதப் பாடநூல் அதை 'வில்' என்றும் அதன் இரு முனைகளையும் சேர்க்கும் கோட்டை 'நாண்' என்றும் சொல்கிறது. ஆக, ஆர்ச்சர் என்றால் வில்லுக்கு உரியவர் என்பதே சொல்லின் உடற்பொருள், அம்புக்கு அதில் இடமில்லை. அம்பைக் கொண்டு பெயரிட வேண்டுமானால் அதற்கும் இலத்தீனில் வழி இருந்தது: 'சகித்தா' என்றால் அம்பு, அதிலிருந்து வந்தது 'சஜிட்டேரியஸ்' என்னும் ராசிப் பெயர். வேடிக்கை என்னவென்றால், மேலை நாட்டார் அம்பின் பெயரால் அழைக்கும் அந்த ராசியை நாம் வில்லின் பெயரால் தனுசு என்கிறோம்.

தமிழில் வில்லைக் கொண்டவனுக்குச் சொற்கள் குறைவில்லை. குறுந்தொகையில் 'வில்லோன்' வருகிறான். குறளில் 'வில்லேர் உழவர்' வருகிறார்கள், அதாவது வில்லையே ஏராகக் கொண்டு உழுபவர்கள். வில்லைக் கொடியில் பொறித்த சேரனுக்கு வில்லவன் என்று பெயர். இலக்கணப்படி எளிதாக அமையக்கூடிய 'வில்லன்' என்ற வடிவம்தான் நம் கையைவிட்டுப் போய்விட்டது. பண்ணையில் வேலை செய்பவனைக் குறித்த இலத்தீன் 'வில்லானுஸ்', பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய்க் கீழ்மகன் என்னும் பொருள் பெற்று, திரைப்படத்தோடு தமிழுக்கு வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. விண்வெளிக் கொள்ளைக்கூட்டத்துக்குத் தலைவராக வரும் திரைப்பட யோண்டுவுக்கு இந்த இரண்டாம் வில்லன் ஓரளவு பொருந்தும் என்றாலும், வளர்ப்பு மகனுக்காக உயிர் கொடுத்தவரை அப்படி அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

வில்லை விட்டுவிட்டு அம்பின் பக்கம் வந்தால் 'கணையாளி' என்று ஆக்கலாம் என முதலில் தோன்றியது. ஆனால் ளகரமும் ழகரமும் நாக்கில் ஒன்றாகிவிட்ட நம் பக்கத்தில் அது கணையாழி என்றே காதில் விழும், கேட்பவருக்கு மோதிரம்தான் நினைவுக்கு வரும். 'கணையர்' என்பதே போதும்.

பெயரைவிட வினையில்தான் பொருள் ஒளிந்திருக்கிறது என்பது என் கருத்து. வில்லாளி அம்பை எய்கிறான். எய்த பிறகு அம்புக்கும் அவனுக்கும் தொடர்பில்லை, அது காற்றுக்கும் குறிக்கும் உரியது. யோண்டு செய்வது எய்தல் ஆகாது, அது ஏவுதல். ஏவு என்றால் செலுத்து என்றும் கட்டளையிடு என்றும் பொருள், ஏவல் என்ற சொல்லிலும் அந்தக் கட்டளையே நிற்கிறது. அம்பைக் குறிக்கும் 'ஏ' என்ற ஓரெழுத்தொருமொழியும் தமிழில் உண்டு. ராக்கெட்டும் போர்த்தலையும் பூட்டிய மிசைலுக்கு ஏவுகணை என்று பெயர் வைத்தபோது, பழைய கணையைப் புதிய எந்திரத்துக்கு இரவலாகத்தான் கொடுத்தோம். யோண்டுவின் அம்பிலோ அந்தச் சொல் இரவல் இல்லாமல் நேராகவே பொருந்துகிறது, ஏனென்றால் அது உண்மையிலேயே கணை, உண்மையிலேயே ஏவப்படுகிறது. 'எய்தவன் இருக்க அம்பை நோவானேன்' என்னும் பழமொழியும் வழிநெடுக அம்பை நடத்திச் செல்லும் இவரிடம் இன்னும் கூர்மை பெறுகிறது.

வில்லும் கணையும் இருந்தும் அவற்றைத் தொடாமல் வென்ற கதை எங்கள் மாவட்டத்துக்குப் புதிதன்று. பண்ருட்டியை அடுத்த திருவதிகை வீரட்டானம் திரிபுரம் எரித்த தலம். மேரு மலையை வில்லாகவும் வாசுகியை நாணாகவும் திருமாலைக் கணையாகவும் கொண்டு புறப்பட்ட சிவபெருமான், கடைசியில் அம்பை விடாமல் சிரித்தே வானில் திரிந்த மூன்று கோட்டைகளையும் எரித்தார் என்பார்கள். அங்கே சிரிப்பு செய்த வேலையை இங்கே சீழ்க்கை செய்கிறது.

அந்தச் சீழ்க்கைக்கு வருவோம். விசில் என்பதே இன்று எல்லார் வாயிலும் இருக்கும் சொல், சற்று மூத்தவர்கள் சீட்டி என்பார்கள், எழுத்தில் சீழ்க்கை. இவற்றுக்கெல்லாம் மூத்ததாக 'வீளை' என்று ஒரு சொல் இருந்து வழக்கொழிந்துவிட்டது. அகநானூற்றின் 274ஆம் பாடலில், இரவில் கோலூன்றித் தனியே நிற்கும் இடையன் வாயை மடித்து வீளை எழுப்புகிறான். அது விரைந்து சென்று ஒலிக்க, ஆட்டுக்குட்டியைக் குறிபார்த்திருந்த குறுநரி வெருண்டு ஓடுகிறது. இடத்தை விட்டு அசையாத ஒருவனின் உதட்டிலிருந்து புறப்பட்ட ஒலி, தொலைவில் போய்ப் பகையை விரட்டுகிறது. அதே நூலின் 131ஆம் பாடலில் ஆநிரை கவரும் மழவர்கள் 'வீளை அம்பின்' மழவர் எனப்படுகிறார்கள். அங்கே சீழ்க்கை போல ஒலிப்பது பாய்ந்து செல்லும் அம்பு, இங்கே ஒலிப்பது ஏவுபவரின் வாய். அந்த வேறுபாட்டை மறைக்கக்கூடாது. ஆனாலும் வீளையும் அம்பும் தமிழில் ஒருமுறை அடுத்தடுத்து நின்றிருக்கின்றன என்பதால், 'வீளைக்கணையர்' என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. வரைகதையில் வில்லோடு நிற்கும் யோண்டுவுக்கு வில்லாளியே போதும்.

ஏலியன் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பிறருக்கு உரிய என்று பொருள்படும் 'அலியேனுஸ்' அதன் இலத்தீன் மூலம், வேற்று நாட்டவனைத்தான் அது நெடுங்காலம் குறித்தது, வேற்றுக் கோளுக்குப் போனது பிற்பாடு. நம் பரங்கிப்பேட்டையும் கடல்வழி வந்த அயலாரின் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர்தான். வேற்றுக்கிரகவாசி என்பது நாளேட்டுத் தமிழில் வேரூன்றிவிட்டது, அதைப் பிடுங்க வேண்டியதில்லை. படத்தின் கீழ் எழுத இடம் சிறிதாக இருந்தால் 'வேற்றுலகர்' போதும்.

இத்தனையும் கேட்டுக்கொண்டிருந்த மருமகன் பென்சிலை எடுத்து 'வேற்றுலக விலைக்கணையர் யோண்டு' என்று எழுதினான். விலையை வீளையாகத் திருத்திக் கொடுத்தேன். ஒரு முறை அடித்துக் காட்டு என்றதற்கு, இரண்டு விரலை நாக்கின் கீழ் மடித்து வைத்து அவன் அடித்த அடியில், அடுக்களையிலிருந்து அக்கா கரண்டியோடு வெளியே வந்தாள்.