பழைய பாயின்ட் 22 ரைஃபிளுக்குள் புதுக் குழல் இறக்கினால் குறித் துல்லியம் திரும்ப வருமா?

அமெரிக்கப் பண்ணை வீடுகளில் தாத்தா காலத்து பாயின்ட் 22 ரைஃபிள்கள், அதாவது சுமார் 0.22 அங்குலத் துளை கொண்ட சிறு துப்பாக்கிகள், இன்னமும் ஏராளம். வின்செஸ்டர் நிறுவனத்தின் 1890 மாடல் மட்டுமே 8 லட்சத்துக்கும் மேல் தயாரானது. மரமும் இரும்பும் வெளியே பளிச்சென்று இருக்கும், குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தால்தான் துரு தின்ற குழிகள் தெரியும்.

இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. என்ஜின் சிலிண்டர் தேய்ந்தால் ரீபோர் செய்து ஸ்லீவ் இறக்குகிறார்களே, கிட்டத்தட்ட அதே வேலைதான். பழைய துளையை சுமார் 8 மில்லிமீட்டருக்குத் துளைத்துப் பெரிதாக்கி, உள்ளே புரி (குண்டைச் சுழல வைக்கும் சுருள் பள்ளம்) வெட்டிய மெல்லிய எஃகுக் குழல் ஒன்றைச் செருகி, எபாக்சியாலோ ஈயப்பற்றாலோ ஒட்டிவிடுகிறார்கள். அதை லைனர் என்பார்கள்.

சுட்டுச் சுட்டுத் தேய்ந்து இந்தக் குழல்கள் கெட்டுப்போகவில்லை. குண்டு வெறும் 2.6 கிராம் மெத்தென்ற ஈயம், சூடும் அழுத்தமும் குறைவு, அதனால் ஒழுங்காகப் பராமரித்த குழல் பல்லாயிரம் தோட்டாக்களைத் தாங்கும். நாசம் செய்தது தோட்டாவின் விளிம்பில் இருந்த பற்றவைக்கும் மருந்து. அதிலிருந்த பொட்டாசியம் குளோரேட் வெடித்ததும் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பாகிக் குழலில் படிந்து, காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவை வரவழைத்தது. குண்டைத் தள்ளக் கரிமருந்தைப் பயன்படுத்திய காலத்தில் கசடு நிறைய இருந்ததால் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள், உப்பும் கூடவே போனது. புகையில்லா மருந்து வந்தபின் குழல் சுத்தமாகத் தெரிந்தது, கழுவாமல் விட்டுவிட்டார்கள். துருப்பிடிக்க வைக்காத பற்றவைக்கும் மருந்து 1920களின் பின்பாதியில்தான் பரவலாகத் தொடங்கியது.

சரி, குழி விழுந்தால் குறி ஏன் தப்புகிறது? கரடான இடத்தில் ஈயம் உரசி ஒட்டிக்கொள்கிறது, அடுத்த குண்டு அந்த ஒட்டலின் மேல் நசுங்கிக் கடக்கிறது. வழக்கமான புரி 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று, ஆக நொடிக்கு 330 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு நொடிக்கு 800 தடவைக்கு மேல் சுழலும். எடை ஒரு பக்கம் சாய்ந்த குண்டு அந்தச் சுழற்சியில் நேராகப் போகாது.

லைனர் இந்தக் கோளாறை அடியோடு நீக்கிவிடும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மற்ற கோளாறுகளை அது தொடாது. துளைக்கும் கருவி பழைய துளையைப் பிடித்துக்கொண்டே போவதால், அந்தத் துளை நடுவில் இல்லாவிட்டால் புதியதும் நடுவில் இருக்காது. தோட்டா உட்காரும் அறையைக் குடைவதும் குண்டு வெளியேறும் வாய் விளிம்பைச் சமமாக வெட்டுவதும் செய்பவரின் கையில் இருக்கிறது. உண்மையில் குறியை முடிவு செய்வது அந்த இரண்டும்தான், நல்ல லைனரை வாங்கி அவசரக்காரரிடம் கொடுத்தால் காசு வீண்.

அப்புறம் தோட்டா. ஒரே பெட்டியில் இரண்டு தோட்டாக்கள் நொடிக்கு 330, 320 மீட்டர் என்று வேறுபட்டால், காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காமலேயே 50 மீட்டரில் சுமார் 7 மில்லிமீட்டர் உயர வித்தியாசம் வரும். ஒலிம்பிக் 50 மீட்டர் இலக்கின் பத்துப் புள்ளி வட்டமே 10.4 மில்லிமீட்டர் அகலம்தான்! லைனர் இதைச் சரிசெய்யாது.

அதனால் முதலில் ஈயப் படிவை முழுக்க எடுத்துவிட்டு, நாலைந்து வகைத் தோட்டாவைச் சுட்டுப் பாருங்கள். அடுத்து வாய் விளிம்பைப் பாருங்கள். பின்பக்கம் திறக்காத பம்ப், லீவர் ரைஃபிள்களை முன்பக்கமாகவே கம்பி விட்டுத் துடைத்திருப்பார்கள், அந்த உரசலில் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்தால் வாயு சமமாக வெளியேறாமல் குண்டைத் தள்ளிவிடும். அந்த விளிம்பை மட்டும் புதிதாக வெட்டினாலே சில துப்பாக்கிகள் தேறிவிடுகின்றன, செலவும் மிகக் குறைவு.

இத்தனைக்குப் பிறகும் தேறவில்லை, மாற்றுக் குழலும் கிடைக்காது என்றால் தாராளமாக லைனர் போடலாம். பாயின்ட் 25 ஸ்டீவன்ஸ் போன்ற, தோட்டாவே அரிதாகிவிட்ட பழைய அளவுகளில் வந்த துப்பாக்கிகளை பாயின்ட் 22 ஆக்கி மறுபடி சுடவும் இதுவே வழி. குழல் நன்றாக இருக்கும் அரிய துப்பாக்கியில் மட்டும் கை வைக்காதீர்கள், துளைத்ததை மறுபடி அடைக்க முடியாது. வாங்க வருபவர் வாய்ப்பக்கம் உற்றுப் பார்த்தால் லைனரின் மெல்லிய வளையக் கோடு பெரும்பாலும் கண்ணில் பட்டுவிடும், விலையும் அங்கேயே இறங்கும்.