பிணையில் ‘விடுதலை’ கிடையாது

குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஒருவர் மேல் மோதியவரைப் பற்றிய செய்தி. தலைப்பு, ‘ஜாமீனில் விடுதலை’. அடிபட்டவரின் தம்பி என்னை அழைத்தார். “அண்ணே, அவனை விடுதலை பண்ணிட்டாங்களாம். அப்ப நஷ்டஈடும் அவ்வளவுதானா?” இதே கேள்வியை வேறு சிலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்பவர்கள் மேல் தப்பில்லை. தலைப்பில் இருந்த ஒரு சொல் அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டது.

ஜாமீன் அரபுச் சொல். பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்தது. மூலத்தில் அது ஆளைக் குறிக்கும், அதாவது இன்னொருவருக்காகப் பொறுப்பேற்று நிற்பவரை. இந்தியில் அந்த ஆள் ஜாமின், அந்த ஏற்பாடு ஜமானத். நாம் ஆளின் பெயரை எடுத்து ஏற்பாட்டுக்கு வைத்துவிட்டு, பிறகு ஆளுக்குப் பெயர் இல்லையே என்று ‘ஜாமீன்தாரர்’ செய்துகொண்டோம். ‘அந்தக் கடனுக்கு நான்தான் ஜாமீன்’ என்கிற பேச்சில் மட்டும் பழைய பொருள் தங்கியிருக்கிறது. (‘ஜமீன் கிடைத்தது’ என்று எழுதுபவர்களும் உண்டு. ஜமீன் என்றால் நிலம். கிடைத்தால் நல்லதுதான்.) ஆங்கிலத்தின் ‘பெயில்’, ஒப்படைத்தல் என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது.

சரி, தமிழில்? பிணை. கட்டு, முடிச்சு என்பது அடிப்படைப் பொருள். பிணைத்தல், பிணைப்பு எல்லாம் அதன் உறவுகள். பெண்மானுக்கும் அதுவே பெயர், அது இங்கே வேண்டாம். களத்தில் மாடுகளை ஒன்றோடொன்று கட்டிப் போரடிப்பதைப் பிணையல் என்பார்கள். மாடு நடக்கும், சுற்றும், ஆனால் கயிறு கழுத்திலேயே இருக்கும். பிணையில் வந்தவரின் நிலையும் அப்படித்தான். வீட்டில் தூங்கலாம், வேலைக்குப் போகலாம். குறித்த நாளில் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும், சாட்சிகளை மிரட்டக் கூடாது. நிபந்தனையை மீறினால் பிணை ரத்தாகி மறுபடி உள்ளே போக வேண்டியதுதான்.

இலங்கையில் இது பழகிய சொல். அங்கே 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டம் என்றே ஒரு சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில்தான் பிணை என்றதும் ‘பிணைக்கைதி நினைவுக்கு வருகிறதே’ என்று தயங்குகிறார்கள். வந்தால் என்ன? பிணைக்கைதியும் ஒரு வாக்குறுதிக்கு ஈடாகப் பிடித்து வைக்கப்பட்டவர்தான். ஒரே வேர், ஒரே கருத்து.

என் சண்டை ஜாமீனோடு இல்லை. பழகிய சொல், இருந்துவிட்டுப் போகட்டும். தனித்தமிழ் எழுதுகிறோம் என்று ‘பிணைவிடுதலை’ எழுதுகிறார்களே, அதோடுதான். முதல் பாதி கட்டு, இரண்டாம் பாதி கட்டவிழ்ப்பு. முடிச்சைப் போட்ட கையாலேயே அவிழ்க்கிற சொல் இது. ‘விடுதலை என்றால் வெளியே விடுவது, அவ்வளவுதானே’ என்பார்கள். அகராதியில் அப்படி இருக்கலாம். ஆனால் குற்றம் நிரூபிக்கப்படாமல் ஒருவர் வெளியேறினாலும் விடுதலை என்கிறோம், தண்டனை முடிந்து வந்தாலும் விடுதலை, நாடு அடிமைத்தளை அறுத்தாலும் விடுதலை. இத்தனை வேலை பார்க்கிற சொல்லின் தலையில் பிணையையும் ஏற்றினால், வாசகர் கனமான பொருளைத்தான் எடுத்துக்கொள்வார்: வழக்கு முடிந்தது, ஆள் தப்பித்தான். ‘விடுவிப்பு’ என்றால் சரியாகுமா என்று ஒரு நண்பர் கேட்டார். ஆகாது, விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து ஒருவரை நீக்குவதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டது. ‘பிணையில் வந்தார்’, ‘பிணை கிடைத்தது’ என்று எழுதினால் போதும். வேண்டுமானால் ‘ஜாமீனில் வந்தார்’ என்றே எழுதுங்கள். விடுதலையை மட்டும் விட்டுவிடுங்கள்.

இந்தியாவில் 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிணை என்றால் என்ன என்று வரையறுக்கவே இல்லை. அதன் இடத்துக்கு 2024 ஜூலை முதல் வந்த புதிய சட்டம் மூன்றைப் பிரித்துச் சொல்கிறது: நிபந்தனையோடு காவலிலிருந்து அனுப்புவது, அதற்காகப் பிணையாளரோடு, அதாவது ஜாமீன்தாரரோடு, உறுதிமொழி எழுதித் தருவது, பிணையாளர் இல்லாமல் தானே எழுதித் தருவது. பிணை, பிணைமுறி, சொந்தமுறி என்று தமிழில் அழகாக நிற்கும். மொழிபெயர்ப்புகளிலோ மூன்றும் ‘ஜாமீன்’, இல்லாவிட்டால் ‘ஜாமீன் பத்திரம்’. எதற்குப் பணம், எதற்குக் கையெழுத்து, எதற்கு இன்னொரு ஆள் என்று குடும்பத்தார் குழம்புவதில் என்ன வியப்பு? இப்படி மொழிபெயர்த்த ஒரு கேள்வி–பதில் கையேட்டில் ‘காய உரிமைகோரல்’ என்று பார்த்தேன். காயத்தை யார் உரிமை கோருவார்கள்? காயத்துக்கு இழப்பீடு கேட்கிறார்கள், ஐயா. அதே கையேட்டில் ‘குடிகார ஓட்டுதல்’ என்றும் இருந்தது. ஓட்டுதல் எப்போது குடித்தது?

அந்தத் தம்பிக்குச் சொன்னது இதுதான். பிணைக்கும் இழப்பீட்டுக்கும் சம்பந்தமே இல்லை. பிணையில் வந்தவர் மேல் குற்ற வழக்கு அப்படியே நடக்கும், இழப்பீட்டு வழக்கு தனியாக நடக்கும். குற்ற வழக்கில் நிஜமாகவே விடுதலை ஆனாலும்கூட இழப்பீட்டு வழக்கு தானாகச் சாகாது. முன்னதில் ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். பின்னதில் எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். மருத்துவச் சீட்டுகளையும் ரசீதுகளையும் பத்திரமாக வைக்கச் சொன்னேன். “அப்ப விடுதலை இல்லையாண்ணே?” என்றார். இல்லை, பிணைதான் என்றேன். “அதைப் பேப்பர்ல அப்படியே போட்டிருக்கலாமே” என்றார்.