குற்ற விகிதமா, குற்ற வீதமா?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை வெளியானதும் நாளிதழ்களில் ‘குற்ற விகிதம் குறைந்தது’ என்றோ ‘கூடியது’ என்றோ தலைப்புகள் வருகின்றன. ஆங்கிலத்தில் ‘கிரைம் ரேட்’ எனப்படுவதற்கு ஈடாகவே இத்தொடர் வழங்குகிறது. ஓராண்டில் காவல் நிலையங்களில் பதிவான வழக்குகளின் எண்ணிக்கையை மக்கள்தொகையோடு பொருத்தி, இலட்சம் பேருக்கு எத்தனை வழக்கு என்று சொல்வதே அதன் பொருள். 2022-ஆம் ஆண்டு இந்தியாவில் 28,522 கொலை வழக்குகள் பதிவாயின. அவ்வாண்டுக்கென மதிப்பிடப்பட்ட மக்கள்தொகை ஏறத்தாழ 138 கோடி, அதாவது 13,800 இலட்சம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 2.07 வருகிறது, அறிக்கை இதனை 2.1 என முழுமையாக்கித் தருகிறது.

இந்த எண்ணுக்கு ‘விகிதம்’ என்ற பெயர் பொருந்துமா? விகிதம் என்பது ‘விதிக்கப்பட்டது, அமைக்கப்பட்டது’ எனப் பொருள்படும் ‘விஹித’ என்னும் வடசொல்லிலிருந்து வந்தது. வீதம் என்பதும் அதே சொல்லின் சுருங்கிய வடிவம்தான். ஆனால் ஒரு வயிற்றுப் பிள்ளைகளான இவ்விரண்டும் தமிழில் தனித்தனிக் குடித்தனம் நடத்துகின்றன. பள்ளிக் கணக்கில் ஓரினமான இரண்டு அளவுகளை ஒப்பிடுவது விகிதம். ஆண்களின் எண்ணிக்கைக்கும் பெண்களின் எண்ணிக்கைக்கும் உள்ள உறவைப் பாலின விகிதம் என்பது அதனால்தான். ஒன்றுக்கு இவ்வளவு என்று பகிர்ந்து சொல்லும்போது வாய் தானாகவே வீதத்துக்குப் போகிறது: பந்தியில் ஆளுக்கு இரண்டு லட்டு வீதம் வைக்கிறோம், கோயில் வரியைத் தலைக்கட்டுக்கு ஐந்நூறு ரூபாய் வீதம் வசூலிக்கிறோம். கணிதப் பாடநூல்களும் ‘மாறு வீதம்’ என்றே எழுதுகின்றன. இலட்சம் பேருக்கு இத்தனை வழக்கு என்பதும் இவ்வகைப் பகிர்வே ஆதலால், ‘குற்ற வீதம்’ என்பதே சரியான சொல் என்பது என் முடிவு. வடசொல் வேண்டாம் என்பவர்கள் ‘விழுக்காடு’ என்ற நல்ல பழஞ்சொல்லை நாடலாம். ஆயினும் அது இன்று நூற்றுக்கு இவ்வளவு என்ற பொருளில் இறுகிவிட்டதால், இலட்சத்துக்கான கணக்கில் அதனைப் புகுத்தினால் குழப்பமே மிஞ்சும்.

தொடரின் முற்பாதியான ‘குற்றம்’ தமிழுக்கே உரியது. குறை என்பதோடு உறவுடையது. திருக்குறளில் ‘குற்றங்கடிதல்’ என்னும் அதிகாரம் கள்வரையும் கொலைஞரையும் பற்றியதன்று. செருக்கு, சினம் முதலாக ஆள்பவன் தன்னிடமிருந்து நீக்க வேண்டிய குறைகளைப் பற்றியது. ஆங்கிலச் சொல்லின் மூலமோ இலத்தீனத்தின் ‘கிரிமென்’. அதற்கு முதலில் ‘குற்றச்சாட்டு’ என்றே பொருள். சொல்லாராய்ச்சி இங்கே ஒரு வேடிக்கையைக் காட்டுகிறது. ஆவணக் காப்பகம் எண்ணுவது உண்மையில் குற்றங்களை அன்று, முதல் தகவல் அறிக்கையாகப் பதிவான குற்றச்சாட்டுகளை. தமிழ்நாட்டில் புகார் கொடுக்கப் போனவர் கையில் சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீது மட்டும் கிடைத்து, அது எஃப்.ஐ.ஆர். ஆக மாறாமலே போனால், அவருக்கு நேர்ந்தது எவ்வளவு பெரிய இழப்பானாலும் அந்தக் கணக்கில் ஏறாது. ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால் அவற்றுள் கொடியது மட்டுமே எண்ணப்படும் என்ற விதியும் உண்டு. வீடு புகுந்து மூதாட்டியைக் கொன்று சங்கிலியைப் பறித்துச் சென்றவனின் வழக்கு, காவல்துறையினர் பேச்சில் ‘ஆதாயக் கொலை’ எனப்பட்டாலும், புள்ளிவிவரத்தில் கொலை என்ற ஒன்றாகவே நிற்கும். ஆகவே ‘பதிவான குற்ற வீதம்’ என்று ஓர் அடைமொழி சேர்த்து எழுதுவது இன்னும் நேர்மையானது.

இந்த அடைமொழி இல்லாததால் விளையும் மயக்கத்துக்கு 2020-ஆம் ஆண்டே போதிய சான்று. முந்தைய ஆண்டில் 385.5 ஆக இருந்த மொத்தக் குற்ற வீதம் அவ்வாண்டு 487.8 ஆக எகிறியது. ஊரே கதவடைத்துக் கிடந்த ஆண்டில் இது எப்படி? அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தில் பொது ஊழியரின் ஆணைக்குக் கீழ்ப்படியாமை பற்றிய 188-ஆம் பிரிவின் கீழ் 2019-இல் 29,469 ஆக இருந்த வழக்குகள், பொதுமுடக்க விதிமீறல்களால் 6,12,179 ஆகப் பெருகின. பாலியல் வன்கொடுமை வழக்குகள் 2012-இல் 24,923 ஆகவும் 2013-இல் 33,707 ஆகவும் இருந்தன. இடையில் சட்டத் திருத்தம் அக்குற்றத்தின் வரையறையை விரித்தது. இத்தகைய புகாரைப் பதிய மறுக்கும் காவல் அலுவலருக்கே தண்டனை உண்டு என்றும் ஆக்கியது. ஆகவே இந்த ஏற்றத்தில் கொடுமை எவ்வளவு, துணிந்து வந்து சொன்னவர்கள் எவ்வளவு என்பதை அந்த எண்ணிலிருந்து பிரித்தெடுக்க முடியாது.

நீண்டகாலப் போக்கை அறியக் கொலை வீதமே ஓரளவு நம்பத்தக்கது, ஏனெனில் களவை மறைப்பதைப் போல உடலை எளிதில் மறைத்துவிட முடியாது. அறிக்கை தொடங்கிய 1953-இல் 9,802 கொலைகள் பதிவாயின; வீதம் ஏறத்தாழ 2.6. 1992-இல் அது 40,105 கொலைகளோடு 4.6-ஐத் தொட்டது. பின்னர் படிப்படியாக இறங்கியே 2022-இன் 2.1-க்கு வந்துள்ளது. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு 1953-ஐவிட நிலைமை மூன்று மடங்கு கெட்டுவிட்டதாகத் தோன்றும். வீதமோ அன்றையதைவிடக் குறைந்திருப்பதைக் காட்டுகிறது.

‘வன்முறைக் குற்றம்’ என்ற தலைப்பின் கீழ் அறிக்கை கொலை, கொலை முயற்சி, பாலியல் வன்கொடுமை, ஆள்கடத்தல், கொள்ளை, கலவரம், தீவைப்பு முதலியவற்றைச் சேர்க்கிறது. இவற்றுள் ‘கொள்ளை’யைப் பற்றி மட்டும் ஒரு சொல். பூட்டிய வீட்டில் ஐம்பது பவுன் ‘கொள்ளை’ என்று செய்தியில் படிக்கிறோம். ஆளில்லாத வீட்டில் யாரையும் அடிக்காமல் மிரட்டாமல் எடுத்துப் போனது சட்டப்படி கன்னக்களவுதான், வன்முறைக் கணக்கில் அது சேராது. வன்முறையோ மிரட்டலோ கலந்தால்தான் கொள்ளை. ஐவரோ அதற்கு மேற்பட்டவரோ சேர்ந்து செய்தால் கூட்டுக் கொள்ளை.