வலிக்கும் பின்னல் முடியைக் காக்காது

கனடாவின் ஸ்கார்பரோவில் தோல் மருத்துவராக இருக்கிறேன். ஜமைக்கா, நைஜீரியா, கானா வழிவந்த பெண்கள் நிறையப் பேர் என்னிடம் வருகிறார்கள். அந்தக் குடும்பங்களில் சம்பந்தம் செய்த தமிழர்களும் வருவதுண்டு. பேத்தியின் சுருள்முடியை என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும் அம்மம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். உல்லன் நூல் சேர்த்து வீட்டிலேயே போடும் முறுக்குப் பின்னலைப் பற்றி அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆப்பிரிக்கச் சுருள்முடியின் இழை தட்டையானது, வளைந்து வளைந்து வளர்வது. தலையில் சுரக்கும் எண்ணெய்ப்பசை அத்தனை வளைவையும் தாண்டி நுனிவரை போய்ச் சேராது. அதனால் முடி வறண்டு, சீப்பு படும்போதெல்லாம் உடைகிறது. நூலோடு சேர்த்து முறுக்கி வைத்தால் சில வாரங்களுக்குச் சீப்பும் இல்லை, உரசலும் இல்லை. நைஜீரியாவின் யொரூபா இனப் பெண்கள் முடியில் நூல் சுற்றும் 'இருன் கிகோ' தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். நல்ல வழக்கம். வேண்டாம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

என் கவலையெல்லாம் வேரைப் பற்றியது. பின்னல் முடியின் தண்டைக் காப்பாற்றும். இறுக்கினால் அதே பின்னல் வேரைக் கொன்றுவிடும். இதற்கு ட்ராக்‌ஷன் அலோபீசியா என்று பெயர். சுருள்முடிக்கு மட்டும் வருவதும் அல்ல: 1907இல் கிரீன்லாந்துப் பெண்களிடம் பதிவானது, இறுக்கிக் கட்டிய கொண்டையால் வந்தது. தொடக்கத்தில் கண்டுபிடித்தால் முடி திரும்ப வளரும். வருடக்கணக்கில் விட்டால் மயிர்க்கால் இருந்த இடம் தழும்பாகிவிடும். அதன்பின் மருந்து போட்டு முளைக்க வைக்க முடியாது.

கண்ணாடி முன் நின்று நெற்றியோரத்தையும் காதோரத்தையும் பாருங்கள். பின்னலின் அடியில் தோல் சின்னக் கூடாரம்போல் மேலே தூக்கி நின்றால் இழுவை அதிகம். மயிர்க்காலைச் சுற்றி ஊசிமுனை அளவில் பருக்கள், முடியின் அடியில் வெள்ளைக் குழல்போல் செதில், புருவத்தை உயர்த்தும்போது சுள்ளென்று இழுப்பது ஆகியவையும் அதே சேதியைத்தான் சொல்கின்றன. 'இரண்டு நாளில் சரியாகிவிடும்' என்று வலி மாத்திரை போட்டுக்கொள்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வலிக்கும் பின்னலை அன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள்.

தானே போட்டுக்கொள்வதில் எனக்குப் பிடித்ததும் இதுதான். கை இழுக்கும்போதே தலைக்குத் தெரிந்துவிடும். பிறர் போட்டுவிடும்போது பொறுத்துக்கொள்ளத்தான் தோன்றும், குழந்தைகளுக்கு இன்னும் அதிகமாக.

உல்லன் நூல் என்று பொதுவாகச் சொன்னாலும், நூல் அக்ரிலிக் என்ற செயற்கை இழையாக இருக்கட்டும். அசல் கம்பளி நூல் முடியோடு பின்னிப் பிணைந்து பிசிறாகிவிடும். நனைந்தால் கனம் ஏறும், சீக்கிரம் காயாது. அடர்நிற நூலாக இருந்தால் தண்ணீரில் சாயம் இறங்குவது நிற்கும்வரை அலசிக் காயவிடுங்கள். தலையை அலசி, கண்டிஷனர் போட்டு, விரலால் சிக்கெடுத்து, நன்றாக உலர்ந்தபின் தொடங்குங்கள். வகிடெடுத்துப் பிரிக்கும் கட்டம் சிறியதானால் கொஞ்சம் முடியே நூலின் முழுப் பாரத்தையும் சுமக்கும். அதனால் கட்டம் பெரியதாக, நூல் குறைவாக. அடியில் நூலையும் சேர்த்து இரண்டு மூன்று பின்னல் தளர்வாகப் போட்டு, மீதியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிரியையும் வலப்பக்கம் முறுக்கி, இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக இடப்பக்கம் சுற்றினால் கயிறுபோல் பிரியாமல் நிற்கும். நெற்றியோரப் பூனைமுடியை நூலில் சேர்க்கவே கூடாது. நுனியைத் தீயில் காட்டிப் பொசுக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அக்ரிலிக் உருகிச் சொட்டும். தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு எரியும். முடிச்சே போதும்.

ஆறு வாரத்துக்குமேல் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. அவிழ்க்கும் நாளில் கைநிறைய முடி வரும், அதைப் பார்த்து அழுதுகொண்டு வருபவர்கள் உண்டு. சாதாரணமாகவே ஒரு நாளில் 50 முதல் 100 முடி உதிரும். பின்னலுக்குள் உதிர்ந்தது கீழே விழ வழியில்லாமல் உள்ளேயே தங்கியிருக்கும், ஆறு வாரத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பயப்பட வேண்டியது அந்தக் குவியலுக்கு அல்ல. நெற்றியோரம் பின்வாங்கி, அதன் முன்னால் ஒரு வரிசை மெல்லிய முடி மட்டும் மிஞ்சி நின்றால் அது இழுவையால் வந்த இழப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த வரிசையும் இல்லாமல் புருவமும் உதிர்ந்தால் வேறு நோயாக இருக்கலாம், தாமதிக்காமல் வாருங்கள். வரும்போது நெற்றி தெரியும் பழைய புகைப்படங்கள் இரண்டு மூன்று கொண்டுவாருங்கள். எவ்வளவு பின்வாங்கியிருக்கிறது என்று ஒப்பிட அதைவிட நல்ல வழி எனக்குக் கிடைத்ததில்லை.